மேசையை விட்டு எழும்போது

லாஸ் வேகஸ்
1958 செப்டம்பர் 14

ஓப்பல் கண்ணு,

நீயும் பேத்தி பெக்கியும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகமாக வெந்துகொண்டிருக்கிறோம். செப்டம்பர் பாதி போய்விட்ட செய்தி வெயிலுக்கு இன்னும் எட்டவில்லை. முந்தாநாள் கூலர் நின்றுபோனது. நானே கழற்றிப் பார்த்தேன். கழற்றுகிறவரை அது கூலர், இப்போது ஒரு வாளி நிறையச் சாமான். உன் அம்மா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆர்வில், நீ சுரங்கத்துல வேலை செஞ்ச காலத்துல அந்த மலை இடிஞ்சு விழாம நின்னுச்சே, அதைச் சொல்லணும்" என்றாள்.

அவளுக்குக் காலில் கொஞ்சம் வீக்கம். நாள் முழுக்கச் சலவைக்கூடத்து ஆவியில் நின்றுகொண்டு ஹோட்டல் படுக்கை விரிப்பு மடித்தால் யானைக்கும் கால் வீங்கும். டாக்டர் பார்த்துவிட்டு இதயம் களைத்திருக்கிறது, ஓய்வு எடுங்கள் என்றார். "இந்த ஆளோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின இதயம் டாக்டர், அது விரிப்பு மடிச்சா களைக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். நீ கவலைப்படாதே.

நேற்று மறுபடி திட்டு வாங்கினேன். சாப்பிட்டு எழும்போது கையை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் விரித்துக் காட்டினேனாம். எனக்கே தெரியாது. சீட்டுமேசையை விட்டு விலகும்போதெல்லாம், தலைக்கு மேலே நிற்கிற மேற்பார்வைக்காரருக்கு "பாருங்கள், ஒரு பந்தயச் சில்லுகூட எடுக்கவில்லை" என்று காட்டிவிட்டுத்தானே சீட்டுப் போடுகிற டீலர் நகர வேண்டும்? இத்தனை வருஷத்தில் கை தானாகச் செய்கிறது. உன் அம்மா, "என்ன, என் உருளைக்கிழங்கைத் திருடலேன்னு காட்டுறியா? தின்னதை யார் கணக்குல எழுதுறது?" என்கிறாள். ரீனோவில் நீயும் இப்படித்தான் கை காட்டிவிட்டு விலகுவாய் என்று நினைத்தால் எனக்குப் பெருமையில் சட்டைப் பொத்தான் தெறிக்கிறது. சமையலறையில் பீன்ஸ் விதையைச் சில்லாக அடுக்கி நான் பழக்கிய கை அல்லவா!

இப்போது பெரிய செய்தி. உன் அப்பன் பேப்பரில் வந்துவிட்டான். வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில், பள்ளிக்கூடப் பையன் ஒன்றுக்குப் போகக் கேட்பதுபோலக் கை தூக்கிக்கொண்டிருக்கிற வழுக்கைத் தலை நான்தான். நகர சபைக் கூட்டத்தில் எடுத்தது. இந்த ஊர்க் கேசினோக்களில் பெண்களைச் சீட்டுப் போட விடக்கூடாது என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் போய்க் கேட்டோம். சபையும் சரி என்றுவிட்டது. நீ முகத்தைத் தூக்காதே. ரீனோ வேறு, வேகஸ் வேறு. அங்கே பெண்கள் மேசையில் நிற்பது பழகிப் போனது. இங்கே விட்டால் முதலாளிகள் பத்து அழகிகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னைப் போன்ற அழகனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெக்கிக்கு முத்தம். கூலர் சாமானில் எதோடும் சேராத திருகு ஒன்று மிச்சம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்கப் போவதில்லை.

உன் அப்பா
ஆர்வில் ஹாட்ச்


ரீனோ
செப்டம்பர் 19

அப்பா,

படம் வந்தது. நன்றாகவே தெரிகிறது, உங்கள் கைதான் எல்லார் கைக்கும் மேலே இருக்கிறது.

'வெள்ளிக் கழுதை' சூதாட்ட கிளப் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலை செய்கிற இடத்திலிருந்து இரண்டு கதவு தள்ளி. அதை நடத்துகிற மிஸஸ் டில்டா எனக்கு ஒரு சீட்டுமேசை தருவதாகச் சொல்லியிருந்தார். அக்டோபர் முதல் தேதியிலிருந்து. அம்மாதான் பேசி முடித்தாள். மிஸஸ் டில்டாவின் மேசை விரிப்புகள் அம்மாவின் கூடத்துக்குத்தானே சலவைக்கு வரும். போன மாதமே முடிவாகிவிட்டது. அப்பாவிடம் சொல்லவேண்டாம், சொன்னால் நாலு தெருவுக்குச் சொல்லிவிடுவார், நேராக வந்து வாசலில் நில் என்று அம்மா எழுதினாள். நானும் அப்படியே நிற்கலாம் என்று இருந்தேன். உங்கள் முகம் எப்படிப் போகும் என்று பெக்கியிடம் நடித்துக்கூடக் காட்டினேன்.

திங்கட்கிழமை மிஸஸ் டில்டா போன் செய்தார். "ஓப்பல், என்னால முடியாதும்மா, இனிமே பொம்பளையை மேசையில நிறுத்தினா என் லைசென்சுல கை வைப்பாங்க" என்றார். நான் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்தேன். வீட்டுக்காரியிடம் கெஞ்சி அதே வீட்டை மறுபடி வாடகைக்கு வாங்கியிருக்கிறேன். பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

வேகஸில் எனக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? குட்டைப் பாவாடை கட்டி மதுத் தட்டுத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா பக்கத்தில் நின்று ஆவியில் வேக வேண்டும். புருஷன் விட்டுப் போன பிறகு நானும் பெக்கியும் பிழைப்பது என் விரல்களால். அது நீங்கள் கொடுத்த தொழில். கொடுத்த கையாலேயே எடுத்துக்கொண்டீர்கள்.

அம்மா ஏன் திடீரென்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைத்தாள் என்று அவளிடம் கேளுங்கள். நான் கேட்டால் "உன் பெண்ணைப் பார்க்க ஆசை" என்று மட்டும் எழுதுகிறாள்.

ஓப்பல்


லாஸ் வேகஸ்
செப்டம்பர் 26

ஓப்பல்,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன்.

உன் அம்மா லூவிடம் காட்டினேன். அவள் படிக்கவில்லை. "தெரியும்" என்றாள். கூட்டம் நடந்த அன்றே மிஸஸ் டில்டா சொல்லித் தெரியுமாம். "ஓப்பல் வர்றதை ஏன் முன்னாடியே என்கிட்ட சொல்லலை?" என்று கத்தினேன். "எப்படிய்யா சொல்றது? நீ கூட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டா போனே? பந்து வீசுற ஆட்டம் பார்க்கப் போறேன்னு இல்ல போனே!" என்றாள். அது உண்மை. அவளுக்குக் கூட்டம் என்றாலே பிடிக்காது, அதனால்தான் ஒரு சின்னப் பொய். ஆக வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றை ஒளித்து வைத்திருந்தோம். அவளுடையது நல்லது, என்னுடையது இது.

மிஸஸ் டில்டாவிடம் போனேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, தப்பு நடந்துபோச்சு, அது என் மக" என்றேன். அந்த அம்மா கோபப்பட்டிருந்தால் தேவலை. "மிஸ்டர் ஹாட்ச், நீங்க கை தூக்கினப்போ நான் பின் வரிசையில இருந்தேன். ஒருவேளை கொசு கடிச்சிருக்கும், அதான் தூக்கினாருன்னு நினைச்சேன்" என்றார். பிறகு உள்ளே போய், டீலர்கள் இடுப்பில் கட்டுகிற ஏப்ரன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊரில் எல்லாம் ஆண்கள் அளவுதான் கிடைக்கிறது என்று உனக்காகச் சின்னதாகத் தைக்கச் சொன்னதாம். "எனக்கு இது எதுக்கு இனிமே?" என்றார். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து வந்தேன். எல்லா விளக்கும் பட்டப் பகலிலும் எரிகிற தெரு. ஒளிய ஓர் இருட்டு மூலை கிடையாது.

நகர சபைக்காரர் ஒருவர் எங்கள் மேசையில் ஆடுவார். அவரையும் பிடித்தேன். "உன் பொண்ணை மட்டும் விடச் சொல்றியா? அப்ப நீ எதுக்குய்யா கை தூக்கினே?" என்று கேட்டுச் சிரித்தார். பதில் தெரிந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

உனக்குச் சொல்கிறேன். என் கை பழைய கை இல்லை. சீட்டைக் கலைக்கும்போது இரண்டு தடவை சிதறிவிட்டது. மேற்பார்வைக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார். அவர் அப்படி நின்றதுதான் எனக்குப் பயம். டாக்டரிடம் லூவைக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் மேசையும் போனால் என்ன செய்வேன்? பக்கத்தில் இருந்தவர்கள் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். யார் வரப் போகிறாள் என்று என் மனதில் ஒரு முகம்கூட இல்லை.

ஏப்ரனை லூ இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள்.

அப்பா


ரீனோ
அக்டோபர் 7

அப்பா,

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பெக்கி தாத்தாவின் கூலர் என்ன ஆயிற்று என்று தினமும் கேட்கிறாள்.

யார் வரப் போகிறாள் என்று முகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன், முகத்தைப் பாருங்கள். நாங்கள் குதிகால் உயர்ந்த செருப்போடு எட்டு மணி நேரம் நிற்கிறோம். மேசைக்குப் போகுமுன் நகத்தைக் காட்ட வேண்டும், பூச்சு உரிந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள். ஜெயிக்கிறவன் "செல்லம்" என்பான், தோற்றவன் சொல்வதை நான் எழுதமாட்டேன். இரண்டுக்கும் ஒரே சிரிப்பைத்தான் காட்ட வேண்டும். போன வாரம் ஒரு கிழவர் தோற்றுவிட்டு, "உங்கப்பனுக்குத் தெரியுமா நீ இங்க நிக்கிறது?" என்றார். "தெரியும் சார், சொல்லிக் கொடுத்ததே அவர்தான்" என்றேன். பழக்கத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் நினைவு வந்தது, உங்களோடு பேச்சில்லை என்று.

இதை விடுங்கள். அம்மாவின் கையெழுத்து மாறியிருக்கிறது. வரி கீழே சரிகிறது. வேலைக்குப் போகிறேன் என்று எழுதுகிறாள், ஆனால் சலவைக்கூடத்துக் கதை ஒன்றும் எழுதுவதில்லை. அவளோடு வேலை செய்கிற அர்லீதா யாரைத் திட்டினாள், எந்த மெஷின் யார் கையைக் கடித்தது, ஒன்றும் இல்லை.

நீங்கள் எதையும் சிரிப்பாகத்தான் சொல்வீர்கள் என்று தெரியும். ஒரே ஒரு தடவை சிரிப்பில்லாமல் பதில் எழுதுங்கள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? இங்கே கிறிஸ்துமஸ் முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது. நடுவில் கிளம்பினால் என் மேசை இன்னொருத்திக்குப் போய்விடும். போனால் போகட்டும். 'வா' என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். பெக்கியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். கோபத்தை அங்கே வந்து காட்டிக்கொள்கிறேன்.

ஓப்பல்


லாஸ் வேகஸ்
அக்டோபர் 19

ஓப்பல் கண்ணு,

பெக்கியிடம் சொல், கூலர் ஓடுகிறது. அர்லீதாவின் தம்பி வந்து சரி செய்தான். மிச்சமிருந்த திருகைப் பார்த்து, "இது எங்க இருந்துச்சு சார்?" என்றான். "மேலே" என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை, நல்ல பையன்.

அம்மா இப்போது வீட்டில் ஓய்வு. ஆகவே சமையல் நான். பீன்ஸைத் தீய்த்தேன். அடுத்த நாள் தீயக்கூடாது என்று கல்லு மாதிரி எடுத்தேன். "இதை வச்சு நீ சீட்டாடலாம், சில்லு வேணாம்" என்று லூ சொன்னாள். அர்லீதா வேலை முடிந்து போகிற வழியில் கீரையும் சோள ரொட்டியும் கொண்டுவருகிறாள். அவள் மடிக்கிற விரிப்பைப் போடுகிற ஹோட்டலில் அவள் ஒரு காப்பி குடிக்க உட்கார முடியாது, கறுப்பர்களுக்கு இடம் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்து என்னை மேய்க்கிறாள். "மிஸ்டர் ஹாட்ச், இந்தத் தலையணை உறையை நீங்க துவைச்சீங்களா, இல்ல சண்டை போட்டீங்களா?" நேற்றுத் துணி காயப் போட்டிருந்தேன், வடக்கே பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை வெடி வெடித்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. லூ உள்ளே இருந்தபடியே, "துணியை எடு, துணியை எடு, அந்தத் தூசி படக்கூடாது" என்று குரல் கொடுத்தாள். ஓடிப் போய் எடுத்ததில் பாதியைத் தரையில் போட்டேன். உலகம் அழிந்தாலும் அவளுக்கு விரிப்பு வெள்ளையாக இருக்கவேண்டும்.

அவள் இப்போது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலி மேல் அவளுக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்கிறாள்.

அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "கிறிஸ்துமஸ் முடிஞ்சு நிதானமா வா. மேசையை விட்டுடாதே. பெக்கிக்கு ஒரு கோட்டு தச்சு வைக்கிறேன்."

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கிறிஸ்துமஸ் முடிந்து வா.

அப்பா


ரீனோ
நவம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் சரியாகத் தூங்கினேன். நீங்கள் கேலி செய்தாலும் கேட்டதற்குப் பொய் சொல்லமாட்டீர்கள்.

பெக்கி ஒரு படம் போட்டிருக்கிறாள், உள்ளே இருக்கிறது. நீளமாக இருப்பது பஸ். பின்னால் இருப்பது கழுதை இல்லை, நான். நிறைய மலை இருப்பது டோனோபா ஊர், நடுவழியில் பஸ் நிற்குமே. ஜன்னலோரம் அம்மாவின் நாற்காலி. அம்மாவின் சட்டைக் காலரில் அவளுடைய ஊக்குகூடப் போட்டிருக்கிறாள், பார்த்தீர்களா? சலவை மூட்டைக்கு எண் துண்டு குத்துகிற அந்த ஊக்கு இல்லாமல் பாட்டியை அவளுக்கு வரையத் தெரியவில்லை.

கோட்டுக்கு அளவு: கை நீளம் போன வருஷத்தைவிட இரண்டு விரல் கூட.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. அதையும் ஜனவரியில் கொண்டுவருகிறேன்.

ஓப்பல்


தந்தி
லாஸ் வேகஸ், நவம்பர் 14

வா
அப்பா


ரீனோ
டிசம்பர் 1

அப்பா,

சாவு வீட்டில் நான் உங்களோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பஸ் ஏறும்போது உங்களைத் தொடவும் இல்லை. பெக்கி ஜன்னல் வழியே உங்களுக்குக் கை ஆட்டினாள், நான் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். அதைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

தந்தி கண்டு அங்கே வரும்போது டோனோபாவில் பனி. பஸ் நகரவில்லை. அங்கே இருந்த காப்பிக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை, அர்லீதா எடுத்தாள். "குழந்தே, எங்காவது உட்காரு முதல்ல" என்றாள். உட்கார இடம் இல்லை. எனக்குப் பக்கத்தில் காசு மெஷின் ஒன்றில் யாருக்கோ பரிசு விழுந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள். நான் அழுததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா படுத்துத் தூங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று அர்லீதா சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டுமாம். அதனால்தான் அந்த நாற்காலி. நாற்காலிமேல் தனிப் பிரியம் என்று எழுதியிருந்தீர்கள். எழுத எப்படி மனம் வந்தது?

நான் கேட்டது ஒரு சொல். சிரிப்பில்லாமல் ஒரு சொல். எனக்கு நீங்கள் தீய்ந்த பீன்ஸை அனுப்பினீர்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்திருந்தால் அழுகிவிடும். குழியில் ஒரு கை மண் போட்டீர்கள். பிறகு நிமிர்ந்து நின்று, கையை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் காட்டினீர்கள். போதகர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்னால் நின்ற உங்கள் டீலர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஆட்டம் முடிந்தது, நான் ஒன்றும் எடுக்கவில்லை, கிளம்புகிறேன் என்று. அம்மாவின் வாழ்க்கையிலிருந்து ஒன்றுமே எடுக்காத மனுஷனைப்போல. அந்த நேரத்தில் உங்களை வெறுத்தேன்.

பழக்கம் என்று சொல்வீர்கள். அந்த இடத்திலுமா?

ஓப்பல்


லாஸ் வேகஸ்
டிசம்பர் 13

ஓப்பல்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். நாலிலும் முதல் வரியிலேயே ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் வந்தால் மன்னித்துக்கொள், கூப்பிட்டு வரவில்லை.

நீ 'வா' என்று எழுதச் சொன்ன கடிதத்தை லூவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். பேனாவை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அவ வந்தா அந்த மேசை போயிடும். ஏற்கெனவே ஒண்ணைப் பிடுங்கிட்டே. ரெண்டாவதையும் பிடுங்காதே, ஆர்வில். அவளும் குழந்தையும் எதை வச்சு சாப்பிடுவாங்க? நான் கிறிஸ்துமஸ் வரைக்கும் இருப்பேன். இருந்து காட்டுறேன், பாரு." அவள் எதைச் சொல்லி எதைச் செய்யாமல் விட்டிருக்கிறாள்? நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதனால் பீன்ஸைப் பற்றி எழுதினேன்.

அர்லீதா என்னை விடவில்லை. அடுப்படியில் நிறுத்தி வைத்து, "மிஸ்டர் ஹாட்ச், பொண்ணுக்கு எழுதுங்க. அவங்க சொல்றதைக் கேக்காதீங்க. என் அம்மா போனப்போ என்னையும் இப்படித்தான் காக்க வச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் அது நெஞ்சை விட்டு இறங்கலை" என்றாள். மறுநாள் எழுதலாம் என்று தள்ளினேன். ஒரு மத்தியானம் லூ கோட்டின் கைப் பகுதியைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், அவளால் வாங்க முடியவில்லை. அப்போதுதான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். நான் திரும்பி வரும்வரை இருந்தாள். "அனுப்பிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். கோபம் இல்லை. நீ வருகிறாய் என்பதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான் என்று எனக்குப் பட்டது. பிறகு பேசவில்லை.

என் மேசை போய்விட்டது. போன வாரம் சீட்டு மறுபடி சிதறியது. பெண் யாரும் வரவில்லை. என் இடத்தில் நிற்கிறவன் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பயல், கை தண்ணீர் மாதிரி ஓடுகிறது. எனக்கு மரியாதையாகத் தொப்பி கழற்றினான். என்னைப் பின்பக்கம் பழைய சீட்டுக்கட்டு பிரிக்கிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கையைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு அந்தக் கையைத் தூக்கினேன்.

இப்போது நீ கேட்ட குழியடி விஷயம்.

லூவுக்கு நீலச் சட்டை போட்டு அனுப்பியது அர்லீதா. அவள்தான் காலரில் அந்த ஊக்கைக் குத்தினாள். "இது இல்லாம அவங்க ஒரு நாளும் கூடத்துக்குள்ள வந்ததில்லை, அங்க போய்த் தேடிட்டு இருப்பாங்க" என்றாள். சவப்பெட்டியை மூடுமுன் நான் குனிந்து முத்தம் கொடுத்தேன் அல்லவா, நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது அந்த ஊக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. கை போயிற்று, எடுத்தது. விரலிடுக்கில், விரல்முட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சில்லு திருடுகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். அவர்களைப் பிடிப்பதற்காக எனக்கும் அந்த வித்தை தெரியும். ஒருநாளும் செய்ததில்லை.

இன்னொரு கையால் மண்ணைப் போட்டேன். பிறகு இரண்டு கையும் அதுபாட்டுக்குத் தட்டி, விரிந்து, திரும்பிக் காட்டின. ஊக்கு உள்ளேதான் இருந்தது, குத்திக்கொண்டு. பின்னால் மூன்று கேசினோவின் மேற்பார்வைக்காரர்கள் நின்றார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நான் சில்லு பழக்கின மகள் நீ, உன் கண்ணிலும் படவில்லை.

ஒன்றும் எடுக்கவில்லை என்று நான் காட்டியதாக எழுதியிருக்கிறாய். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கை காட்டிப் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஊக்கை இதில் வைத்திருக்கிறேன். முனை கொஞ்சம் வளைந்திருக்கிறது, என் கை பட்டதால். அந்தச் சின்ன ஏப்ரனையும் பெக்கியின் கோட்டையும் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். கோட்டில் ஒரு கை லூ தைத்தது, ஒரு கை அர்லீதா தைத்தது. எது எது என்று பார்த்தாலே உனக்குத் தெரியும். லூ தையல் உனக்குத் தெரியுமே.

நீ கை ஆட்ட விடாமல் இறக்கியதைப் பார்த்தேன். பரவாயில்லை.

அப்பா


ரீனோ
1959 ஜனவரி 8

அப்பா,

ஊக்கு வந்தது. ஏப்ரனின் உள்பக்கம் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். இடுப்பில் அந்தச் சின்ன ஏப்ரன் சரியாக நின்றது. மேற்பார்வைக்காரர், "அது என்ன உள்ளே?" என்று கேட்டார். "எங்க அம்மாது" என்றேன். "கழற்று, மேசையில எதுவும் இருக்கக்கூடாது" என்றார். கழற்றிப் பெக்கியின் கோட்டில் குத்தியிருக்கிறேன், அம்மா தைத்த கைப் பக்கம். அது இடது கை. சரிதானே?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். பேனா வரமாட்டேன் என்கிறது. மறுபடி எழுதிப் பார்க்கமாட்டேன். வந்தால் தானாக வரட்டும்.

அம்மாவைப் பற்றி அர்லீதாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அம்மா எப்படி உட்கார்ந்திருந்தாள், என்ன கேட்டாள், கடைசியில் யாரைத் திட்டினாள், ஒன்றும் தெரியாது. அதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. கடிதத்தில் எழுதினால் நீங்கள் சிரிப்பாக்கிவிடுவீர்கள். எதிரே உட்கார்ந்து சொன்னால் உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

பெக்கி சோபாவில் தூங்கிக்கொள்வாள், அவள் கட்டில் உங்களுக்கு. கால் வெளியே நீட்டும். டோனோபாவில் பஸ் நிற்கும்போது அந்தக் காப்பிக் கடைக்குள் போகாதீர்கள், வெளியிலேயே நில்லுங்கள்.

கேலிக் கதை எதுவும் கட்டிக்கொண்டு வரவேண்டாம். கையை வீசிக்கொண்டு வாருங்கள், போதும்.

ஓப்பல்